வெள்ளைக் கட்டங்கள்

இன்னொரு வெள்ளைக் கட்டம் நீலமாகிவிட்டது. போச்சு, அதற்குள்ளேதான் இருந்திருப்பார், மனுஷன் எங்கே இருக்கிறாரோ அங்கே பார்த்துத்தான் இந்தச் சனியன் போய் உட்காரும் என்று நினைத்த ஜெயக்கனி, செத்தவரைப் பற்றிய நினைப்பில் சனியன் என்ற சொல் வந்துவிட்டதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு, அவரையா சொன்னோம், கம்ப்யூட்டரைத்தானே சொன்னோம் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். இத்தனைக்கும் கை மட்டும் மவுஸின் மேல் வைத்தது வைத்தபடியே இருந்தது. அமுக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. திரை நிறையப் பொடிப்பொடிக் கட்டங்கள், சிவப்பும் நீலமும் வெள்ளையுமாக. சிவப்பு என்றால் சிதறிக் கிடப்பது, நீலம் என்றால் ஒழுங்காக அடுக்கியது, வெள்ளை என்றால் காலி இடம். காலையில் கடை திறந்து சாமி படத்துக்குப் பூப் போட்ட கையோடு அவளேதான் இதை ஓடவிட்டாள். ஆடி மாதம். கல்யாணம் கிடையாது, நிச்சயதார்த்தம் கிடையாது, ஏரல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் மகா டிஜிட்டல் ஸ்டுடியோவுக்குப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க வருகிறவர்களைத் தவிர யாரும் வரமாட்டார்கள். ஆடியில்தான் ஸ்டுடியோக்காரர்கள் லைட்டைத் துடைப்பார்கள், ஒயரைச் சுருட்டுவார்கள், வருஷம் முழுக்க ஊரார் கல்யாணங்களைத் தின்றுவிட்டு அஜீரணத்தில் முனகும் கம்ப்யூட்டரை ஒழுங்கு பண்ணுவார்கள். அந்த ஒழுங்கு பண்ணலுக்கு டிஃப்ராக் என்று பெயர். பழைய வீடியோக்களை அழித்து இடம் பண்ணி, அதை ஓடவிட்டுவிட்டு, எழுந்து போய் வேறு வேலையைப் பார்க்க வேண்டியதுதான். யாரும் எதிரே உட்கார்ந்து வேடிக்கை பார்க்க மாட்டார்கள். அவளும் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. இன்றைக்குப் பார்க்கிறாள், ஏனென்றால் தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம், முன்னறை பெஞ்சில், செத்துப்போன முத்துமாலையின் மகள் பூமாரி உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஜெயக்கனி, "இரு, பாக்கேன்" என்று சொல்லிவிட்டாள்.

பாக்கேன் என்று ஏன் சொன்னாள்? இல்லை என்று சொல்லியிருக்கலாம். இல்லை என்பதுதான் வாய்க்கு முதலில் வந்தது. முத்துமாலை செத்து இன்னும் பதினாறு கழியவில்லை. பதினாறாம் நாள் விசேஷத்துக்குச் சட்டம் போட்டு மாலை மாட்ட ஒரு படம் வேண்டும், வீட்டில் ஒன்றுகூட இல்லை என்று அந்தப் பெண் சொன்னபோது ஜெயக்கனிக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வாழைத்தார்க் கமிஷன் கடை வைத்திருந்த முத்துமாலையைக் காமிராவில் பிடிப்பதும் தண்ணீரைக் கையில் பிடிப்பதும் ஒன்று. எந்த விசேஷ வீட்டிலும் காமிரா தன் பக்கம் திரும்புகிறது என்று தெரிந்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து முகத்தைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். காமிரா நகர்கிற வரைக்கும் துடைப்பார். அவளுடைய வீட்டுக்காரர் மகாராஜன் அவருக்குத் துண்டு அண்ணாச்சி என்றே பெயர் வைத்திருந்தார். வாக்காளர் அட்டையில் இருக்கும் படத்தைப் பார்த்து இது அவர்தான் என்று அவர் பெண்டாட்டியே சத்தியம் பண்ணமாட்டாள். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு இடத்தில் மாட்டினார். தை மாதம் பூமாரிக்கு நடந்த நிச்சயதார்த்தத்தில், மாம்பழக் கலர் பட்டைக் கட்டிக்கொண்டு அந்தப் பெண் உள் அறையிலிருந்து வந்து சபையில் நின்றபோது, தாம்பூலத் தட்டும் கையுமாக நின்ற முத்துமாலை காமிராவை மறந்தார், துண்டை மறந்தார், மகளைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். கொஞ்ச நேரம்தான். ஆனால் வீடியோவை வெட்டி ஒட்டுகிற மிக்ஸிங்கில் உட்கார்ந்திருந்த ஜெயக்கனிக்கு அது போதும். அந்தச் சிரிப்பை இழுத்து மெதுவாக ஓடவிட்டு, ஓரத்தில் ரோஜா இதழ்கள் உதிர்கிற மாதிரி போட்டிருந்தாள். அந்தப் படம்தான் வேண்டும் என்றாள் பூமாரி. கல்யாண வீடியோவோடு சேர்த்து வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்ததால் வீட்டில் அதன் டிவிடியும் கிடையாது. அப்பா அதை அழிக்கச் சொல்லிவிட்டார் என்று தனக்கும் தெரியும், இருந்தாலும் உங்களிடம் எங்கேயாவது ஒரு காப்பி இருக்காதா அக்கா என்று கேட்டாள். துக்க வீட்டுப் பெண்ணை, தலையில் எண்ணெய்கூட இல்லாமல் வெயிலில் வந்து நிற்கிற பெண்ணைப் பார்த்து, காப்பி இல்லை, கேசட்டிலும் அடுத்த கல்யாணம் ஏறிவிட்டது, போய் வா என்று சொல்ல நாக்கு வரவில்லை. அது ஒன்று. இன்னொன்று எட்வின் சொன்ன பஸ் கதை.

நாசரேத்திலிருந்து பைக்கில் வந்து இந்தப் பக்கத்து ஸ்டுடியோ கம்ப்யூட்டர்களையெல்லாம் பார்க்கிற எட்வின், எதையும் பஸ்ஸை வைத்துத்தான் விளக்குவார். தாலி கட்டுகிற இடத்தில் வீடியோ ஏன் திக்கித் திக்கி நிற்கிறது என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு, ஒரு குடும்பமே பஸ்ஸில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், சேர்ந்தாற்போல் சீட் இல்லை, அப்பா முன்னால், அம்மா நடுவில், பிள்ளைகள் கடைசி வரிசையில், எல்லாருக்கும் டிக்கெட் போடக் கண்டக்டர் முன்னும் பின்னும் நடந்து சாகவேண்டும் இல்லையா, டிஸ்க்குக்குள் இருக்கும் முள்ளும் அப்படித்தான் நடந்து சாகிறது என்றார். கிடைத்த சந்திலெல்லாம் வீடியோவைத் துண்டு துண்டாக எழுதி வைத்திருக்கிறது, தேடி எடுத்துச் சேர்ப்பதற்குள் படம் நின்றுவிடுகிறது. டிஃப்ராக் என்பது ஆட்களை எழுப்பி இடம் மாற்றி ஒரு குடும்பத்தை ஒரே வரிசையில் உட்கார வைப்பது. சரி, அழித்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். அங்கேதான் எட்வின் குரலைத் தணித்துக்கொண்டார். அழித்தால் ஆள் இறங்கிவிட்டார் என்று நினைக்காதீர்கள் அக்கா, கணக்கில் பேரை அடித்தாயிற்று, அவ்வளவுதான், ஆள் அந்த சீட்டிலேயேதான் இருக்கிறார், வேறொரு ஆள் வந்து அந்த சீட்டில் உட்கார்கிற வரைக்கும் இருப்பார், அதனால் தெரியாமல் எதையாவது அழித்துவிட்டால் முதல் காரியம் புதிதாக ஒன்றையும் எழுதாதீர்கள் என்றார். மெமரி கார்டு ஒன்றிலிருந்து அழிந்துபோன மஞ்சள் நீராட்டு விழாவை அப்படி மீட்டும் காட்டினார். மீட்கிற புரோகிராமை இதே கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஆகவே முத்துமாலையும் சீட்டிலேயேதான் இருந்திருப்பார். ஆடி மாதம், புதிதாக ஒரு கேசட்டும் ஏற்றவில்லை, யாரும் அவரை எழுப்பவில்லை, நேற்று வந்து கேட்டிருந்தால் அப்படியே முழுசாகக் கிடைத்திருப்பார். இன்று காலையில் பூப் போட்ட கையோடு அவள் மொத்த பஸ்ஸையும் எழுப்பி இடம் மாற்றச் சொல்லிவிட்டாள். இத்தனைக்கும் அவரை அழித்துக் கிடைத்த இடத்தை நம்பித்தான் டிஃப்ராக்கே ஓடுகிறது, கொஞ்சமாவது காலி இடம் இருந்தால்தான் அது ஓடும். வெள்ளைக் கட்டம் என்றால் காலி என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது. அதோ, இன்னொன்று நீலம்.

ஸ்டாப் என்று ஒரு பட்டன் கீழே இருக்கிறது. அதன் மேல்தான் அம்புக்குறி நிற்கிறது, கொஞ்ச நேரமாக அங்கேயேதான் நிற்கிறது. அமுக்கினால் நின்றுவிடும். நின்றுவிடுமா? எட்வின் சொன்னது பஸ் கதை மட்டும் இல்லையே. போன ஆடிக்கு முந்தின ஆடியில் இதே மாதிரி ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது, யுபிஎஸ் இரண்டு தரம் கத்திவிட்டு உயிரை விட்டது, மறுபடி போட்டபோது டிஸ்க் வரவே இல்லை. உள்ளே ஒரு கல்யாணம் முழுசாக இருந்தது. அந்தப் பெண்ணின் அம்மா வந்து இதே பெஞ்சில் உட்கார்ந்து சத்தமே இல்லாமல் அழுததை ஜெயக்கனியால் இன்னும் மறக்க முடியவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பாள். அன்றைக்கு எட்வின் டிஸ்க்கைக் கழற்றிக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, அக்கா, டிஃப்ராக் ஓடும்போது மட்டும் நடுவில் கை வைக்காதீர்கள், பாதியில் நின்றால் ஆட்கள் பழைய சீட்டிலும் இருக்கமாட்டார்கள், புது சீட்டிலும் இருக்கமாட்டார்கள் என்று சொன்னார். அதை அவள் மறக்கவில்லை. மகாராஜனும் மறக்கவில்லை, அதிலிருந்து டிஃப்ராக் ஓடும்போது கம்ப்யூட்டர் மேஜைப் பக்கம் விளக்குமாறுகூடப் போகக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார். இப்போது உள்ளே ஒரு துபாய் மாப்பிள்ளையின் ஆனி மாதக் கல்யாணம் இருக்கிறது. நாளைக்கு அவன் பிளைட் ஏறுகிறான், சாயந்திரம் டிவிடி வாங்க வருவான். ஸ்டாப்பை அமுக்கி அது போனால்? உயிரோடு இருக்கிறவனின் கல்யாணத்தைப் பணயம் வைத்துச் செத்தவரின் சிரிப்பை எடுப்பதா? புதிதாக எழுதாதே என்றும் எட்வின்தான் சொன்னார், நடுவில் கை வைக்காதே என்றும் எட்வின்தான் சொன்னார், இரண்டும் ஒரே நாளில் வரும் என்று சொல்லாமல் போய்விட்டாரே பாவி. போன் போட்டால் எடுக்கவில்லை, வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். மகாராஜன் குரும்பூர்ப் பக்கம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வீடியோ எடுக்கப் போயிருக்கிறார், அவர் காதுக்கும் போனுக்கும் நடுவே இப்போது மேளமும் வில்லுப்பாட்டும் நிற்கும். பக்கத்தில் பாஸ் என்றும் ஒரு பட்டன் இருக்கிறது, கொஞ்சம் நிறுத்தி வை என்று அர்த்தம். ஆனால் நிறுத்தி வைப்பதும் கை வைப்பதுதானே. டியூப்லைட் ஒரு தரம் மங்கி எரிந்தது. ஆடிக் காற்றுக்கு எங்கேயோ ஒயரும் ஒயரும் உரசியிருக்கும். யுபிஎஸ் டிக் என்றது.

முத்துமாலை அழிக்கச் சொல்லி வந்த அன்றைக்கும் டியூப்லைட் இப்படித்தான் மங்கியது. இல்லை, அது வேறு நாள். அன்றைக்குக் கரண்ட் நன்றாகத்தான் இருந்தது, கம்ப்யூட்டர்தான் சரியில்லை. முத்துமாலை செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார், கோயிலுக்குள் வருகிற மாதிரி. வைகாசியில் நிச்சயம் முறிந்த கதை ஊருக்கே தெரியும். கல்யாணத்துக்குப் பிறகு தூத்துக்குடி ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையை விடவேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னார்கள், விடமாட்டேன் என்று பூமாரி சொன்னாள், யார் சொல்லியும் கேட்கவில்லை, தட்டு திரும்பிவிட்டது. அதிலிருந்து அப்பாவும் மகளும் பேச்சு இல்லை. ஆவணி பிறந்தால் வேறு இடத்திலிருந்து பெண் பார்க்க வருவார்கள், அதற்கு முன்னால் பழைய நிச்சயதார்த்தத்தை ஸ்டுடியோவில் அழித்துவிட வேண்டும். இது இந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். வருகிற மாப்பிள்ளை வீட்டுக்காரனும் இதே ஸ்டுடியோவுக்குத்தான் வருவான், எதையாவது தேடும்போது அது வந்து நின்றால் என்ன ஆவது? அதனால் அப்பாமார்கள் நேரில் வருவார்கள், தோளுக்குப் பின்னால் நிற்பார்கள், அழிந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். ஜெயக்கனி எத்தனையோ பேருக்கு அழித்திருக்கிறாள். அழிக்கும்போதெல்லாம் அவளுக்குப் பூச்சாடி ஞாபகம் வரும். அவள் மகாராஜனோடு போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்ட வருஷம், அவளுடைய அப்பா அக்காவின் கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு திருச்செந்தூரில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய், அவள் நின்ற இடத்திலெல்லாம் அவளை எடுத்துவிட்டு ஒரு பூச்சாடியை வைக்கச் சொன்னார். அக்கா ஒளித்துக் கொண்டுவந்து காட்டினாள். மணமேடையில், அக்காவுக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு பூச்சாடி. அவளுக்கு அழுகை வருவதற்கு முன்னால் தொழில் வந்துவிட்டது. நிழலை எடுக்காமல் விட்டிருக்கிறானே, கூறு கெட்டவன் என்று நினைத்தாள். பூச்சாடிக்குப் பின்னால் சுவரில் அவளுடைய நிழல் ஜடையும் பூவுமாக அப்படியே நின்றது. அப்பா அதைப் பார்த்தாரா? பார்த்துவிட்டு விட்டுவிட்டாரா? அந்த ஸ்டுடியோக்காரன் எடுக்கவா அண்ணாச்சி என்று கேட்டிருப்பானா, வேண்டாம், அது இருக்கட்டும் என்று அப்பா சொல்லியிருப்பாரா? இருக்காது. கவனித்திருக்கமாட்டார். இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார், போய்க் கேட்டால் தெரிந்துவிடும், கேட்கவா முடிகிறது.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தால் அந்த இடம் வராது என்று அவள் மனசு நினைத்திருந்தது போலிருக்கிறது. வந்துவிட்டது. முத்துமாலை அழிப்பதற்கு முன்னால் ஒருதரம் ஓட்டிக் காட்டச் சொன்னார். அழிப்பது அதுதானா என்று பார்க்கத்தான் கேட்கிறார் என்று அவளும் ஓட்டினாள். ஓடவா செய்தது? மாப்பிள்ளையின் தாய்மாமன் லட்டு தின்கிற இடத்தில் ஒரு நிற்பு, வரிசைத் தட்டு வருகிற இடத்தில் ஒரு நிற்பு. பூமாரி வந்து சபையில் நிற்கிற இடத்தில், முத்துமாலை சிரிக்கத் தொடங்குகிற இடத்தில், படம் அப்படியே கட்டிப்போட்ட மாதிரி நின்றுவிட்டது. டிஸ்க் கரகரவென்று தேடுகிறது, துண்டு கிடைக்கவில்லை. பின்னால் நின்றவர் குனிந்து பார்த்தார். தன் முகத்தையே வேறு யாரோ என்கிற மாதிரி பார்த்தார். துண்டை எடுக்கப் போன கை பாதியில் நின்றது. பிறகு ரொம்ப மெதுவாக ஒன்று கேட்டார். அதற்கு அவள் ஒரு பதில் சொன்னாள். அவர் சரி என்று தலையாட்டினார், அழித்தாள், அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். நாலைந்து நாளில் வாழைத்தார் லோடு இறக்குகிற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று செய்தி வந்தது. செய்தியைக் கேட்டபோது ஜெயக்கனி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள், தோசை தீய்கிற வரைக்கும் அவர் கேட்ட கேள்வி காதில் ஓடிக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மகாராஜனிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, யார் கேட்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாள். கேட்பதற்குத்தான் இப்போது ஆள் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு வெள்ளை போனது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

தடுப்புப் பலகைக்கு மேலாக ஒரு முகம் தெரிந்தது. பூமாரி எழுந்து வந்திருந்தாள். கிடைக்குமா அக்கா என்று கேட்கவில்லை, அதைக் கேட்டிருந்தால் பரவாயில்லை. அந்தக் கலர் கலர்க் கட்டமெல்லாம் என்ன அக்கா என்று கேட்டாள். ஜெயக்கனி சொல்லத் தொடங்கி, வெள்ளை என்றால் காலி இடம் என்று சொல்லி, காலி என்றாலும் முழுக்கக் காலி இல்லை என்று சொல்லி, அதற்கு மேல் சொன்னால் அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிடுமே என்று பயந்து நிறுத்திக்கொண்டாள். ஆனால் ஐசியூவில் இரவு பகலாகத் திரை பார்க்கிற பெண்ணுக்கு அவ்வளவே போதுமாக இருந்தது. அவள் கொஞ்ச நேரம் கட்டங்களையே பார்த்தாள். ஒரு வெள்ளை நீலமானபோது அவள் கண் அதோடு நகர்ந்ததை ஜெயக்கனி கண்டாள். அப்பா என் முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல்தான் அழிக்கச் சொல்லிவிட்டார், எனக்குத் தெரியும், நான் நின்ற இடம் எதுவும் இருக்கக்கூடாது என்று நினைத்திருப்பார், பரவாயில்லை, கிடைத்தால் பாருங்கள், கிடைக்காவிட்டால் வாக்காளர் அட்டையையே பெரிசாக்கிக் கொடுங்கள் என்று சொன்னாள். ஆஸ்பத்திரியில் யாருக்கோ சொல்கிற மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டு, "இது நிக்காதா அக்கா?" என்று கேட்டாள்.

"நிப்பாட்டினா வேற ஒரு கல்யாணம் போயிரும்னு பயமா இருக்கு."

பூமாரி திரும்பிப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். மடியில் வைத்திருந்த பர்சின் ஜிப்பைத் திறந்து மூடினாள். திறந்து மூடினாள். அந்தச் சத்தம் ஜெயக்கனிக்குப் பலகையைத் தாண்டிக் கேட்டது. துபாய் மாப்பிள்ளை வந்து நின்றால் என்ன சொல்வது? சரி, என்ன சொல்வான், கத்துவான், சட்டையைப் பிடிப்பான், மகாராஜன் காலில் விழுவார், அவனுக்குப் பெண்டாட்டி இருக்கிறாள், மாமனார் இருக்கிறார், செல்போனில் எடுத்த படங்கள் இருக்கின்றன, நாளைக்குப் பிள்ளை பிறந்தால் காதுகுத்துக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம். இவளுக்கு என்ன இருக்கிறது? வாக்காளர் அட்டை. அதோடு அப்பாவைப் பற்றி ஒரு தப்பான நினைப்பு. அதைச் சாகிற வரைக்கும் வைத்துக்கொள்வாள், பூச்சாடியை ஜெயக்கனி வைத்துக்கொண்டிருப்பது மாதிரி. டியூப்லைட் மறுபடியும் மங்கியது. இந்தத் தரம் யுபிஎஸ் வாயைத் திறந்து ஒரு கத்துக் கத்தியது. கரண்ட் போகப் போகிறது, எப்படியும் பாதியில் நிற்கத்தான் போகிறது, அது நிற்பதற்கு முன்னால் நாமே நிறுத்தினால் என்ன என்று நினைத்தாளா, இல்லை, எதுவுமே நினைக்கவில்லையா என்று பிற்பாடு அவளால் சொல்ல முடியவில்லை. விரல் அமுங்கிவிட்டது.

ஒன்றும் நடக்கவில்லை. டிஸ்க் ஒருதரம் கரகரத்தது, கையில் எடுத்த ஆளை ஒரு சீட்டில் உட்காரவைத்துவிட்டு, விசில் கேட்ட பஸ் மாதிரி சாதுவாக நின்றது. நிறுத்தியாயிற்று என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது, அவ்வளவுதான். துபாய்க் கல்யாணத்தைத் திறந்தாள். திறந்தது. தாலி கட்டினான். கெட்டிமேளம் கேட்டது. கரண்டும் போகவில்லை, டியூப்லைட் வெட்கமே இல்லாமல் பளிச்சென்று எரிந்தது. அப்போது பார்த்து எட்வின் போனில் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஸ்டாப் கொடுத்தால் நிற்கும் அக்கா, அதற்குத்தானே பட்டன் வைத்திருக்கிறான், நான் சொன்னது கரண்டை நிறுத்தாதீர்கள் என்று, நீங்கள் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தியிருக்கலாம் என்றார். எப்போது வேண்டுமானாலும். ஜெயக்கனி போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். அந்தப் பெண் வந்து கேட்டபோது பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தது. இப்போது ஓரத்தில் கொஞ்சம், நடுவில் அங்கங்கே கொஞ்சம். மீதியெல்லாம் அழகான நீலம். ஒழுங்கு பண்ணுவதில் அதைக் குறை சொல்லவே முடியாது.

மீட்கிற புரோகிராம் அந்த வெள்ளைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தது. தனியாக இருந்த இன்னொரு டிஸ்க்கில் கிடைத்ததைப் போட்டது. நல்லவேளை, சிதறிக் கிடந்த வீடியோ. ஒரே இடத்தில் இருந்திருந்தால் ஒரே வாயில் போயிருக்கும். பஸ் முழுக்கச் சிதறி உட்கார்ந்திருந்ததால் எழுப்பாமல் விட்ட சீட்டில் அங்கங்கே யாராவது இருந்தார்கள். ஜெயக்கனி பூமாரியைக் கூப்பிட்டாள். வேண்டாம், முதலில் நாம் பார்ப்போம் என்று ஒரு மனசு சொல்வதற்குள் கூப்பிட்டுவிட்டாள். அந்தப் பெண் வந்து தோளுக்குப் பின்னால் நின்றாள், அவள் அப்பா நின்ற அதே இடத்தில். திரை கறுப்பாக ஓடியது, பிறகு பச்சை பச்சையாகச் சதுரங்கள், பிறகு கறுப்பு. திடீரென்று மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்தார். லட்டை எடுத்து, உற்றுப் பார்த்து, வாயில் போட்டு, மென்று, விழுங்கி, அடுத்ததை எடுக்கிற வரைக்கும் ஒரு குறையும் இல்லாமல் முழுசாக வந்தார். யாருக்கு வேண்டும் அவர்? மறுபடி கறுப்பு. ஒரு மாம்பழக் கலர் மின்னியது, முந்தானை மட்டும், போய்விட்டது. கறுப்பு. கறுப்பு. பிறகு அவர் வந்தார். தாம்பூலத் தட்டும் கையுமாக நின்றார். ரோஜா இதழ் ஒன்று தோள் பக்கத்தில் உதிர்ந்துகொண்டிருந்தது. தலையைத் திருப்பினார், கண் யாரையோ கண்டுபிடித்தது, கன்னம் இரண்டும் மேலே ஏறின, உதடு பிரிந்தது. அவ்வளவுதான். பல் தெரிவதற்கு முன்னால் படம் முடிந்துவிட்டது. ஜெயக்கனி கடைசிப் படத்தில் நிறுத்தி வைத்தாள். சிரிப்பு இல்லை, சிரிப்பு வரப்போகிற முகம். ஆனால் அது அவர்தான் என்று யார் வேண்டுமானாலும் சத்தியம் பண்ணலாம்.

முதுகுக்குப் பின்னால் பூமாரி மூச்சு விடுவது கேட்டது. பிறகு, அப்பா என்னையத்தானே பார்க்கிறார் என்று கேட்டாள். ஆமாம் என்றாள் ஜெயக்கனி. இதைச் சட்டம் போட்டுக் கொடுங்கள், இது போதும் என்றாள் பூமாரி. அத்தோடு விட்டிருக்கலாம். எந்த சைஸ், எந்தச் சட்டம் என்று கேட்டுவிட்டு அனுப்பியிருக்கலாம், படம் கிடைத்துவிட்டது, பெண்ணும் போதும் என்று சொல்லிவிட்டாள், இதற்கு மேல் யாரும் எதையும் கேட்கப்போவதில்லை. ஆனால் பூமாரி துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, "இதப் போயி அழிக்கச் சொல்லிட்டாவளே" என்றாள். ஜெயக்கனிக்குச் சுவரில் நின்ற தன் நிழல் ஞாபகம் வந்தது. அந்தத் திருச்செந்தூர்க்காரன் ஒருநாள் வந்து, உங்க அப்பா இப்படிச் சொன்னார் என்று சொல்லியிருந்தால், அதில் அப்பா எவ்வளவு திட்டியிருந்தாலும், அவனுக்கு ஆயுசுக்கும் நன்றி சொல்லியிருப்பாள்.

"எல்லாத்தையும் அழிக்கச் சொல்லல, பூமாரி," என்றாள், திரையைப் பார்த்தபடியே. "இந்த இடம் வந்ததும் குனிஞ்சி பாத்தாவ. எம் பிள்ளை வந்து நிக்கிற இந்த இடத்த மட்டும் வச்சிக்கிட முடியுமாம்மான்னு கேட்டாவ."

ஜெயக்கனி திரும்பினாள். அந்தப் பெண்ணின் முகத்தில், இத்தனை நாள் இல்லாத ஒன்று, படத்தில் இருக்கிற முகத்தைப் போலவே, வரப்போகிற ஒரு சிரிப்பாக வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது.

"நீங்க என்ன சொன்னிய, அக்கா?"

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பியது. அது போய் முடிகிற வரைக்கும் ஜெயக்கனி காத்திருந்தாள்.

"தனியா வெட்டி எடுக்க நேரமாகும், சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்குன்னு சொன்னேன்," என்றாள்.